சமநிலையில் வினை நின்றுவிடுகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

முன்னோக்கியும் பின்னோக்கியும் நடக்கக்கூடிய மீள் வினைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பிறகு கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. பல ஆண்டுகள் வேதியியல் பாடம் நடத்தியவள் என்ற முறையில் அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் முதல் கேள்விக்கு நிறைய இடம் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை அதற்குப் பிறகு.

கேள்வி: சமநிலை வந்த பிறகு எந்தப் பொருளின் செறிவும் மாறாது என்று புத்தகம் சொல்கிறது. அடுத்த வரியிலேயே, இரண்டு வினைகளும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன என்கிறது. எதுவும் மாறவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்? நடக்கிறது என்பதற்கு என்ன சாட்சி? (பதினோராம் வகுப்பு மாணவி)

பதில்: சாட்சி கேட்டாய் பார், அதற்காகவே உன் கடிதத்தை முதலில் எடுத்தேன். புத்தகம் சொல்லிவிட்டது என்பதற்காக இதை நீ நம்பத் தேவையில்லை.

லெட் அயோடைடு என்று ஒரு மஞ்சள் உப்பு. தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். அதைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, இனிமேல் கரையாது என்ற நிலை வரும்வரை விட்டுவைக்கிறோம். அடியில் மஞ்சள் பொடி, மேலே தெளிந்த நிறைவுற்ற கரைசல். நாளை வந்து பார்த்தாலும் கரைசலின் செறிவு அதேதான். இப்போது கதிரியக்க அயோடின்-131 கலந்து செய்த லெட் அயோடைடு பொடியை அதில் சிறிது சேர்க்கிறோம். கரைசல் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. கரைவது உண்மையிலேயே நின்றுபோயிருந்தால் கதிரியக்கம் அடியில் இருக்கும் பொடியிலேயே கிடக்க வேண்டும் அல்லவா? சற்று நேரம் கழித்து மேலே உள்ள கரைசலை மட்டும் வடிகட்டி எடுத்து அளந்தால், கதிரியக்கம் கரைசலுக்குள் வந்திருக்கிறது. செறிவோ முன்பு இருந்ததுதான். அப்படியென்றால் புது அயோடைடு அயனிகள் உள்ளே வந்திருக்கின்றன, அதே அளவுக்குப் பழையவை வெளியேறிப் படிகத்தில் போய் ஒட்டியிருக்கின்றன. இதற்கு வேறு விளக்கம் கிடையாது.

உன் புத்தகத்தில் அம்மோனியாவையும் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனையும் வைத்து ஒரு சோதனை இருக்கும். சாதாரண ஹைட்ரஜனில் செய்த சமநிலைக் கலவையையும் டியூட்டீரியத்தில் செய்த சமநிலைக் கலவையையும் ஒன்றாக்கினால், இரண்டும் கலந்த அம்மோனியா மூலக்கூறுகள் உருவாகின்றன என்பது அது. நல்ல சோதனைதான். ஆனால் அதைவிட உப்புச் சோதனையையே நான் விரும்புவேன். அம்மோனியா முழுவதுமாக நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரியாமலே, வினையை வேகப்படுத்தப் போடும் இரும்பு வினையூக்கியின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் மட்டும் ஆள் மாறிக்கொள்ள முடியும். கூர்மையான ஒரு மாணவி அதைக் கேட்டுவிட்டால் ஆசிரியர் பதில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது சாட்சி இன்னும் பழையது. 1860களின் தொடக்கத்தில் பிரான்ஸில் பெர்த்தலோவும் பேயான் த சான் ழீலும் அசிட்டிக் அமிலத்தையும் எத்தனாலையும் சம மோல் அளவில் கலந்து பார்த்தார்கள். எஸ்டர் என்ற சேர்மமும் நீரும் உருவாகின. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாறியதும் அதற்கு மேல் போகவில்லை. எத்தனை காலம் வைத்தாலும் போகவில்லை. அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். எஸ்டரையும் நீரையும் சம அளவில் கலந்தால், மூன்றில் ஒரு பங்கு எஸ்டர் பிரிந்து, மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியது. இரண்டு முனைகளிலிருந்து கிளம்பியும் ஒரே இடத்தில் வந்து சேர்கிறது! வினை களைத்துப்போய் எங்கோ நிற்கிறது என்றால் இரண்டு பயணமும் ஒரே புள்ளியில் முடியக் காரணமே இல்லை.

காரணம் வேகத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் அமிலமும் ஆல்கஹாலும் ஏராளம். மோதல்கள் அதிகம், எஸ்டர் விரைவாக உருவாகிறது. அவை குறையக் குறைய முன்னோக்கு வினை மெதுவாகிறது. எஸ்டரும் நீரும் சேரச் சேர பின்னோக்கு வினை வேகம் பிடிக்கிறது. ஒன்று இறங்க மற்றது ஏற, ஓரிடத்தில் இரண்டின் வேகமும் சமமாகிவிடும். அங்கே சமமாவது வேகம் மட்டுமே, அளவு அல்ல. மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று அளவுகள் வேறுவேறாகத்தானே இருக்கின்றன? விடைத்தாள்களில் நான் அதிகம் திருத்தியது இந்த ஒரு இடத்தைத்தான். சமநிலை என்றதும் எல்லோருக்கும் தராசு நினைவுக்கு வருகிறது. இரண்டு தட்டும் சமமாக, ஆடாமல் நிற்கும் தராசு. இந்தப் பாடத்துக்கு அதைப்போலக் கெடுதல் செய்யும் உவமை வேறில்லை. தயவுசெய்து அதை மறந்துவிடு.

இன்னும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தூய நீர். அசையாமல் இருக்கிறது. அதற்குள் நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் பிரிகின்றன, மறுபடியும் சேர்கின்றன. எப்போது அளந்தாலும் ஹைட்ரஜன் அயனி ஒரு மோலில் கோடியில் ஒரு பங்குதான் இருக்கும். 1950களில் ஜெர்மனியைச் சேர்ந்த மான்ஃப்ரெட் ஐகன் இந்தப் போக்குவரத்தின் வேகத்தையே அளந்துவிட்டார். வலுவான மின்புலத்தை ஒரு கணம் செலுத்திச் சமநிலையைச் சற்றே கலைத்து, அது எவ்வளவு விரைவில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பார்த்தார். மிக விரைவான வினைகளை அளக்க வழி கண்டதற்காக 1967-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த அளவீடுகளை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு நீர் மூலக்கூறு சராசரியாகப் பதினொரு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரிகிறது. பிரிந்த அயனிக்குப் பத்தாயிரத்தில் ஒரு நொடிக்குள் இணை கிடைத்துவிடுகிறது. ஒரு மூலக்கூறுக்குப் பதினொரு மணி நேரம் என்பது சோம்பலாகத் தெரியலாம். ஆனால் ஒரு லிட்டரில் மூலக்கூறுகள் எத்தனை! மொத்தத்தில் ஒவ்வொரு நொடியும் 8-க்குப் பின்னால் இருபது சுழியங்கள் போட்டால் வரும் எண்ணிக்கையில் மூலக்கூறுகள் பிரிகின்றன, அத்தனையும் சேர்கின்றன. எதுவும் நடக்கவில்லை என்று நீ நினைத்த அந்த நீரில் நடப்பது இதுதான்.

கேள்வி: வினை பின்னோக்கியும் போகும் என்று முதலில் கண்டுபிடித்தவர் யார்? (வரலாறு படிக்கும் கல்லூரி மாணவர்)

பதில்: ஒரே ஆளைச் சொல்வது கடினம். ஆனால் பெர்த்தொலேயின் கதையை விட்டுவிட்டு இதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

1798-இல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்தபோது அறிஞர்களையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்களில் ஒருவர் வேதியியலாளர் குளோத் லூயி பெர்த்தொலே (மேலே சொன்ன பெர்த்தலோ வேறு ஆள்). நைல் கழிமுகத்துக்கு மேற்கே நேட்ரான் ஏரிகள் இருக்கின்றன. அவற்றின் கரையோரம் சோடியம் கார்பனேட் படிந்து கிடப்பதைப் பார்த்தார். இதில் என்ன வியப்பு என்றால், ஆய்வகத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். சோடியம் கார்பனேட் கரைசலையும் கால்சியம் குளோரைடு கரைசலையும் கலந்தால் சுண்ணாம்புக்கல்லின் பொருளான கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படியும், கரைசலில் சாதாரண உப்பு மிஞ்சும். ஏரியிலோ சுண்ணாம்புக்கல்லும் உப்பும் சேர்ந்து சோடியம் கார்பனேட் ஆகியிருக்கிறது. அங்கே உப்பும் சுண்ணாம்புக்கல்லும் கணக்கில்லாமல் கிடக்கின்றன, உருவாகும் சோடியம் கார்பனேட்டும் கரையில் படிந்து விலகிக்கொண்டே இருக்கிறது. எந்தப் பொருளுக்கு எதன்மேல் நாட்டம் அதிகம் என்பது மட்டுமே வினையின் திசையைத் தீர்மானிக்கும் என்று அன்றைய வேதியியல் நம்பியது. எவ்வளவு இருக்கிறது என்பதும் தீர்மானிக்கும் என்றார் பெர்த்தொலே.

அந்த எண்ணத்தை அவர் அளவுக்கு மீறி இழுத்துவிட்டார் என்பதுதான் வருத்தம். சேர்மங்களின் இயைபே கலக்கும் அளவைப் பொறுத்து மாறும் என்று வாதிட்டு, ப்ரூஸ்ட் என்ற வேதியியலாளருடன் நடந்த நீண்ட விவாதத்தில் தோற்றார். அந்தத் தோல்வியோடு அவருடைய சரியான எண்ணமும் ஓரம்போய்விட்டது. 1864-இல் நார்வேயில் கூல்பெர்க், வோகே என்ற இருவர் (உறவில் சகலைகள்) அதற்குக் கணித வடிவம் கொடுத்தார்கள். நிறைதாக்க விதி என்று நாம் படிப்பது அதுதான். நார்வே மொழியில் எழுதியதால் வெளியே அதிகம் பேர் படிக்கவில்லை. 1884-இல் டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் மீள் வினையை இரண்டு எதிரெதிர் அம்புக்குறிகளைப் போட்டு எழுதினார். வேதியியலின் முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்குத்தான் போனது.

கேள்வி: வினையூக்கி போட்டால் விளைபொருள் ஏன் கூடுவதில்லை? மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மாட்டிக்கொண்டேன். (ஒரு தாய்)

பதில்: வினையூக்கி முன்னோக்கு, பின்னோக்கு இரண்டையும் ஒரே மடங்கில் வேகப்படுத்துகிறது. பத்து நாளில் போய்ச் சேரும் இடத்துக்குப் பத்து நிமிடத்தில் போகலாம், இடம் மாறாது. ஒரு திசையை மட்டும் வேகப்படுத்தும் வினையூக்கி இருந்தால் என்ன ஆகும் என்று மகனிடம் கேளுங்கள். அதைப் போடுவதும் எடுப்பதுமாகவே வினையை முன்னும் பின்னும் ஓட்டி, ஒன்றும் செலவழிக்காமல் ஆற்றலை எடுத்துக்கொண்டே இருக்கலாம். அப்படி ஒன்று இயற்கையில் கிடையாது. இந்தக் கடைசிப் பகுதியைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள்.

கேள்வி: அம்மோனியா தயாரிப்பு வெப்பம் உமிழும் வினை. வெப்பநிலை குறைந்தால் அம்மோனியா கூடும் என்று படிக்கிறோம். பிறகு தொழிற்சாலையில் ஏன் 400, 500 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள்? (பாலிடெக்னிக் மாணவர்)

பதில்: சமநிலை எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அங்கே எப்போது போய்ச் சேருவோம் என்பது வேறு கேள்வி. தொழிற்சாலை இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு பங்கு நைட்ரஜன், மூன்று பங்கு ஹைட்ரஜன், 100 அட்மாஸ்பியர் அழுத்தம். 200 டிகிரியில் சமநிலைக் கலவையில் 80 சதவீதத்துக்கு மேல் அம்மோனியா இருக்கும். 400 டிகிரியில் 25 சதவீதம். 500 டிகிரியில் 10 சதவீதத்தை ஒட்டி. இந்த எண்களைப் பார்த்தால் யாரும் 200 டிகிரியைத்தான் கேட்பார்கள். ஆனால் நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களைக் கட்டி வைத்திருப்பது மும்மைப் பிணைப்பு. 200 டிகிரியில் இரும்பு வினையூக்கியால் அதைப் போதிய வேகத்தில் உடைக்க முடிவதில்லை. 80 சதவீதம் கணக்கில் இருக்கிறது, ஆனால் கைக்கு வந்து சேராது.

ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் அம்மோனியா தயாரிப்பைச் செய்துகாட்டியபோது அவருடைய வினையூக்கி ஆஸ்மியம், அரிய உலோகம். பிறகு அல்வின் மிட்டாஷின் குழு ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, அலுமினாவும் பொட்டாஷும் சேர்த்த இரும்பைக் கண்டுபிடித்தது. கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, சமநிலையோடு அவர்கள் மல்லுக்கட்டவே இல்லை என்பது. ஒருமுறை வினையூக்கியின் மேல் ஓடும் வாயுவில் ஏறத்தாழ 15 சதவீதம்தான் அம்மோனியாவாக மாறும். சரி, இருக்கட்டும் என்று கலவையைக் குளிர்விக்கிறார்கள். அம்மோனியா மட்டும் திரவமாகி வெளியேறுகிறது. மிஞ்சிய நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் மறுபடி உள்ளே அனுப்புகிறார்கள். விளைபொருளை எடுத்துவிட்டதால் பின்னோக்கு வினைக்குப் பிரிக்க எதுவும் கிடைப்பதில்லை. சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஏறத்தாழ எல்லாமே அம்மோனியாவாகிறது. நேட்ரான் ஏரிக்கரையில் சோடியம் கார்பனேட் விலகிப் படிந்ததும் இதே வழிதான்.

சமநிலை தெரியாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, சமநிலையைக் கலைத்தால் அது அந்த மாற்றத்தை எதிர்க்கும் என்ற தத்துவத்தைச் சொன்ன பிரெஞ்சு வேதியியலாளர் லீ சாட்லியரே ஒரு கதை சொல்லியிருக்கிறார். இரும்பு உருக்கும் ஊது உலையின் மேல்வாய் வழியாகக் கார்பன் மோனாக்சைடு நிறைய வெளியேறி வீணாகிக்கொண்டிருந்தது. தாதுவோடு அது சேர்ந்திருக்கும் நேரம் போதவில்லை என்று நினைத்து உலையை உயரமாகக் கட்டினார்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 30 மீட்டர் உயரம்வரை போனது. வெளியேறும் கார்பன் மோனாக்சைடு குறையவில்லை. குறையாது, ஏனென்றால் நேரம் அங்கே பிரச்சினையே இல்லை. இவ்வளவு தெளிவாகப் பார்த்த அதே லீ சாட்லியர் 1901-இல் அம்மோனியா தயாரிக்க முயன்றபோது, வாயுக் கலவையில் காற்று கலந்து வெடித்துவிட்டது. அதோடு அந்த வேலையை விட்டார். பின்னாளில் அதற்காக மிகவும் வருந்தினார்.

கேள்வி: பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடை ஊசிக்குழலில் அடைத்து அழுத்தினால், அது நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடாக மாறி நிறம் வெளிற வேண்டும். செய்துகாட்டும் காணொளியில் நிறம் அடர்ந்துவிட்டதே! லீ சாட்லியர் தத்துவம் பொய்யா? (ஒரு வாசகர்)

பதில்: பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறீர்கள், நன்றி. தத்துவம் பொய்யில்லை, அதை நாம் சொல்லிக்கொடுக்கும் விதம்தான் அரைகுறை.

கன அளவைப் பாதியாக்கியதும் பழுப்பு மூலக்கூறுகள் நெருங்கிவிடுகின்றன. செறிவு இரண்டு மடங்கு, நிறமும் அடர்கிறது. அழுத்தும்போது வாயு சூடாவதும் பழுப்பைக் கூட்டும். இரண்டு பழுப்பு மூலக்கூறுகள் சேர்ந்து ஒன்றாவது கண் இமைப்பதற்குள் நடந்துவிடும், அவ்வளவு விரைவான வினை அது. பிறகு வாயு குளிரக் குளிர நிறம் மேலும் சற்று வெளிறும். ஆனால் பழைய நிறத்துக்குத் திரும்பாது. புதிய சமநிலையில் நைட்ரஜன் டைஆக்சைடின் செறிவு பழையதைவிட அதிகமாகவும், இரண்டு மடங்கைவிடக் குறைவாகவும் இருக்கும். செய்த மாற்றத்தைச் சமநிலை ஓரளவு குறைக்கும், முழுவதும் அழிக்காது. பள்ளிப் பாடம் இந்த "ஓரளவு" என்பதை விட்டுவிடுகிறது.

இன்னொன்றும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்தது குழலைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த படம். குழலின் முனையிலிருந்து நீளவாக்கில் பார்த்தால், அழுத்தும்போது வாயுவின் நீளமும் பாதியாகிவிடுகிறது, அதனால் நெருக்கத்தின் விளைவு கணக்கில் தீர்ந்துபோகும். மிஞ்சுவது மூலக்கூறுகளின் எண்ணிக்கை மட்டும். வாயு குளிர்ந்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து நிறம் முன்பைவிட வெளிறியே தெரியும். ஒரே குழல், இரண்டு பார்வை, இரண்டு விடை. நான் வகுப்பில் சொல்லி மகிழ்ந்த விஷயங்களில் இதற்கு முதலிடம். ஆனால் அந்த வாயு கடும் நஞ்சு, வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

கேள்வி: மரம் எரிந்தால் திரும்ப மரமாகாது. பிறகு எப்படி எல்லா வினைகளும் மீளக்கூடியவை என்கிறார்கள்? (ஒரு வாசகர்)

பதில்: மரம் எரிவதில் வாயுக்கள் தப்பிப்போய்விடுகின்றன. திரும்பி வர ஆளே இல்லை. சுண்ணாம்புக்கல்லைத் திறந்த சூளையில் சூடாக்குவதும் அப்படித்தான், கார்பன் டைஆக்சைடு போய்விடுவதால் கல் முழுவதும் சுட்ட சுண்ணாம்பாகிறது. மூடிய கலத்தில் செய்தால் ஏறத்தாழ 900 டிகிரியில் அந்த வாயுவின் அழுத்தம் ஓர் அட்மாஸ்பியரை எட்டி, அங்கே சமநிலை வந்துவிடும். ஹைட்ரஜன் எரிந்து நீராவதுகூட மீளக்கூடியதுதான். 2000 டிகிரிக்கு மேல் நீராவியில் ஒரு சிறு பகுதி மறுபடி பிரிந்து கிடக்கும். சாதாரண வெப்பநிலையில் அந்தப் பங்கு அளக்க முடியாத அளவுக்குச் சிறியது, அதனால் மீளா வினை என்று எழுதிவிடுகிறோம்.

கேள்வி: மூடிய அறையில் ஜெனரேட்டர் புகையால் மயங்கியவர்களுக்கு ஆக்சிஜன் கொடுப்பது ஏன்? இதற்கும் சமநிலைக்கும் தொடர்பு உண்டா? (ஒரு செவிலியர்)

பதில்: நேரடித் தொடர்பே உண்டு. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதும் விடுவதும் மீள் வினை. கார்பன் மோனாக்சைடும் அதே இடத்தில்தான் வந்து ஒட்டுகிறது, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக. அதனால்தான் காற்றில் மிகச் சிறிதளவு இருந்தாலே ஆளை வீழ்த்துகிறது. நல்லவேளையாக அந்தப் பிணைப்பும் மீளக்கூடியது. எவ்வளவு வலுவாக ஒட்டியிருந்தாலும் அவ்வப்போது விடுபடுகிறது. அந்த நேரத்தில் சுற்றிலும் ஆக்சிஜன் நிறைய இருந்தால் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், விடுபட்ட நஞ்சு மூச்சில் வெளியேறிவிடும்.

சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் ஒட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும். உயர் அழுத்த அறையில் வைத்துக் கொடுத்தால் இன்னும் விரைவு. உங்கள் கையில் உள்ள முகமூடி செய்வது, வினைக்கலவையில் ஒரு பொருளின் செறிவைக் கூட்டும் அதே வேலையைத்தான். யாராவது இப்படி மயங்கினால் முதலில் திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும், உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். தலைவலி போய்விட்டது, இனி பரவாயில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது என்பதை நீங்களும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுங்கள்.